குள்ள எலி வளர்ப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டொராண்டோவில் ஒன்பது வருடமாகக் குள்ள எலிகள் வளர்க்கிறேன். இப்போது வீட்டில் நான்கு பெண் எலிகள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, குள்ள எலி என்பது சுண்டெலிதானே? (ஸ்கார்பரோ)

இல்லை. சுண்டெலி வேறு இனம். குள்ள எலியும் சாதாரண வளர்ப்பு எலியும் ஒரே இனம்: பழுப்பு எலி, அதாவது ராட்டஸ் நார்வெஜிகஸ். பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் குறையால் இதற்கு வளர்ச்சி ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது. சாதாரண ஆண் எலி அரைக் கிலோ வரை வரும். இது 100, 150 கிராமில் நின்றுவிடும். அறிவிலும் பாசத்திலும் குறையே இல்லை. ஆனால் துறுதுறுப்பு அதிகம். மடியில் படுத்துத் தூங்கும் எலி வேண்டுமென்றால் சாதாரண ஆண் எலிதான் உங்களுக்குச் சரி.

குள்ள எலி என்று சொல்லி நான்கு வாரக் குட்டியைக் கொடுத்தார்கள். இப்போது 300 கிராம் இருக்கிறது! (மிசிசாகா)

அது சாதாரண எலிதான். நான்கு வாரத்தில் எல்லாக் குட்டியும் சின்னதாகத்தான் இருக்கும். வாங்கும் முன் தாய் தகப்பனைக் கண்ணால் பாருங்கள், வயதைக் கேளுங்கள், சமையலறைத் தராசில் எடை போடுங்கள். எட்டு வாரத்தில் 150 கிராமைத் தாண்டினால் குள்ள எலி இல்லை. இன்னொன்று: இந்தக் குணம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். குள்ள எலியை அந்த மரபணு இல்லாத சாதாரண எலியோடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரண உயரத்துக்கே வளரும். வாங்கியதைக் கைவிட மாட்டீர்கள்தானே? அதுவும் நல்ல எலிதான்.

கால்கரிக்கு இரண்டு அனுப்ப முடியுமா அக்கா?

முடியாது தம்பி. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா 1950களிலிருந்தே எலி இல்லாத மாகாணமாக இருக்கப் பாடுபடுகிறது. அங்கே வீட்டில் எலி வளர்ப்பது சட்டப்படி குற்றம். உயிரியல் பூங்கா, பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம் போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஒளித்து வளர்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள். நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோகக்கூட முடியாமல் அந்த உயிர்தான் அவதிப்படும். கினிப் பன்றி வளர்த்துப் பாருங்கள்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்? (லண்டன்)

கம்பி இடைவெளிதான் முதல் கவலை. நான் முதலில் வாங்கியது சாதாரண எலிக்கான கூண்டு, இடைவெளி அரை அங்குலத்துக்கும் மேல். மூன்றாம் நாள் காலையில் கூண்டு காலி. குளிர்பெட்டிக்குப் பின்னால், சூடான மோட்டாருக்குப் பக்கத்தில் அவள் சுருண்டு படுத்திருந்ததைக் கண்டுபிடிக்கும்வரை எனக்கு உயிரே இல்லை. தலை நுழையும் இடத்தில் முழு உடம்பும் நுழைந்துவிடும். குட்டிகளுக்கு ஏழு, எட்டு மில்லிமீட்டர்தான் பாதுகாப்பு.

உடம்பு சிறியது என்று கூண்டைச் சிறியதாக வாங்காதீர்கள். ஏறவும் தாவவும் உயரம் வேண்டும், விழுந்தால் தாங்க நடுவில் துணி ஊஞ்சல்கள் கட்டுங்கள். தரையில் சிடார், பைன் மரச்சிராய் போடவே வேண்டாம், அந்த வாசனை நுரையீரலைக் கெடுக்கும். காகிதத் துகள் நல்லது. மூத்திர நெடி உங்கள் மூக்குக்கு எட்டும்வரை காத்திருந்தால் எலிக்கு அது ஏற்கெனவே அதிகம்.

கண்ணிலிருந்து ரத்தம் வருகிறது, பயமாக இருக்கிறது!

பெரும்பாலும் அது ரத்தமில்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி போர்ஃபிரின் என்ற சிவப்புப் பொருளைச் சுரக்கும். தூங்கி எழுந்ததும் கொஞ்சம் இருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நாள் முழுக்க வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கூடவே தும்மல், மூச்சில் கரகரப்பு இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலான எலிகளின் உடம்பில் மைக்கோபிளாஸ்மா கிருமி குடியிருக்கும். உடல் தளர்ந்தால் நுரையீரலைப் பிடித்துவிடும்.

மருந்து எழுதும்போது எடையைக் கிராமில் சொல்லி, அந்த எடைக்குத்தான் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். சாதாரண எலிக்கான அளவு இதற்கு மூன்று மடங்காகிவிடும். இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

சென்னையில் வளர்க்க முடியுமா?

குள்ள எலி அங்கே கிடைப்பது கடினம். வெள்ளை எலி வைத்திருந்தாலும் இதே பதில்தான்: வெயில்தான் எதிரி. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது, முக்கியமாக வாலின் வழியாகச் சூட்டை இறக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். ஏசி அறை இல்லையென்றால் கோடையில் வேண்டாம் என்பேன். அவசரத்துக்குத் தரை ஓட்டுத் துண்டு ஒன்றைக் குளிரவைத்துக் கூண்டில் வையுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி வைக்கலாம்.

நம் வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாமா? (மதுரை)

உப்பு, காரம், எண்ணெய் சேர்க்கும் முன் எடுத்து வைத்த சோறு, பருப்பு, வேகவைத்த முட்டை, கேரட் கொஞ்சமாகக் கொடுக்கலாம். முக்கிய உணவு எலிக்கான கட்டித் தீவனம்தான். வேகாத ராஜ்மா, மொச்சை கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல். எலியால் வாந்தி எடுக்க முடியாது, ஆகவே தொண்டையில் ஒட்டும் கடலை வெண்ணெயைக் கட்டியாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டில் ஒன்று இறந்துவிட்டது. மற்றது சாப்பிடாமல் மூலையில் கிடக்கிறது. (ஒட்டாவா)

மனம் கனக்கிறது. எனக்கும் இது நடந்திருக்கிறது. எலி கூட்டத்தில் வாழும் பிராணி; நாம் எவ்வளவு கொஞ்சினாலும் இரவு இரண்டு மணிக்கு அதன் முதுகைக் கோதிவிட நம்மால் முடியாது. இந்த வாரம் வழக்கத்தைவிட அதிக நேரம் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பிடித்ததைக் கையால் ஊட்டுங்கள்.

அப்புறம் அதே பாலினத்தில் இரண்டு குட்டிகள் தேடுங்கள். ஒன்று போதாது, குட்டிக்கு ஓடி விளையாட இன்னொரு குட்டி இருந்தால்தான் பெரியவளை நச்சரிக்காது. புதியவற்றை இரண்டு வாரம் வேறு இடத்தில் வைத்து, தும்மல் இல்லை என்று பார்த்த பிறகு, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க விடுங்கள். நான் குளியல் தொட்டியில் துண்டு விரித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்சம் உருட்டிப் புரட்டும், கீச்சென்று கத்தும். ரத்தம் வராதவரை நடுவில் புகுந்து பிரிக்காதீர்கள்.