பனிச்சேறும் ஒரு விமானியும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். சில வாரங்களாக அவர்களுடைய 1957-58 சீசனைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அதற்கு முன் தொடர்ந்து இரண்டு வருடம் லீக் சாம்பியன்கள். எல்லாருமே இளவட்டங்கள். டங்கன் எட்வர்ட்ஸ் மாதிரி ஒருவர் இனிப் பிறக்கப்போவதில்லை. ஒரு விமானியின் பிடிவாதத்தால் மியூனிக் விமான விபத்தில் அத்தனையும் போயிற்றே என்று தூக்கமே வரவில்லை. எஞ்சின் சரியில்லை என்று தெரிந்தும் மூன்றாம் தடவை கிளப்பியிருக்கிறார்! அந்த விபத்து நடக்காமல் இருந்தால் மூன்றாவது வருடமும் லீக்கை ஜெயித்திருப்பார்களா? விபத்துக்குப் பிறகு லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்திருக்கிறார்கள். மிஞ்சியவர்கள் சுமாரான ஆட்டக்காரர்கள்தானோ? இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்ட்டன் போட்ட இரண்டாவது கோல் ஃபவுல்தானே?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

தம்பி,

ஜெயித்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. அப்போது பட்டியலில் முதலிடத்தில் இருந்தது உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ். கடைசியில் லீக்கை வென்றதும் அவர்களே. பிப்ரவரி 8, சனிக்கிழமை, தன் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட் அவர்களோடு ஆட இருந்தது. இதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை, விடுங்கள்.

சுமாரான ஆட்டக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. 1958 பிப்ரவரி 6 அன்று ஜெர்மனியின் மியூனிக்கில் ஏழு ஆட்டக்காரர்கள் அங்கேயே போய்விட்டார்கள். எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடிப் போனார். ஜானி பெர்ரியும் ஜாக்கி பிளாஞ்ச்ஃப்ளவரும் பிழைத்தார்கள், ஆனால் அதன் பிறகு அவர்கள் ஆடவே இல்லை. மானேஜர் மேட் பஸ்பி பிராணவாயுக் கூடாரத்துக்குள் கிடந்தார். வேல்ஸ் அணியின் பொறுப்பும் இருந்ததால் கார்டிஃபில் தங்கிவிட்ட துணை மானேஜர் ஜிம்மி மர்ஃபி ஒருவர்தான் மிச்சம். பதின்மூன்றாம் நாள் ஷெஃபீல்டு வென்ஸ்டேயோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். அன்றைக்கு அச்சடித்த நிகழ்ச்சித்தாளில் யுனைடெட்டின் பதினொரு இடங்களும் வெற்றுக் கோடுகள். யார் ஆடுவார்கள் என்று அச்சகத்துக்குச் சொல்ல ஆளில்லை! ஸ்டான் கிரவுதர் ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஆஸ்டன் வில்லாவிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டார். அதுவரை முதல் அணியில் ஆடியே இராத ஷே பிரென்னன் இரண்டு கோல் போட்டார். 3-0. அந்தப் பையன்கள் வெம்ப்ளி இறுதியாட்டம் வரை போனார்கள், ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் மிலானைச் சொந்த மைதானத்தில் 2-1 என்று தோற்கடித்தார்கள். லீக்கில் பதினான்கு ஆட்டத்தில் ஒன்றுதான் ஜெயித்தார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அவர்களை எடை போடாதீர்கள்.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு மனிதரைப் பிடிவாதக்காரர் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அவருக்குப் பெயர் உண்டு. ஜேம்ஸ் தேய்ன்.

பெல்கிரேடில் ரெட் ஸ்டாரோடு 3-3 என்று ஆடி ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்குத் தேறிவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கினார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. முதல் இரண்டு முறையும் எஞ்சினின் அழுத்தம் ஏறி இறங்கியதால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்தவர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ராத்திரி தங்கி எஞ்சினைச் சரிசெய்யலாம் என்று பொறியாளர் சொன்னதும், எஞ்சினின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை மெதுவாகத் திறந்தால் போதும் என்று தேய்ன் முடிவெடுத்ததும் உண்மை. அந்த முடிவைக் குறை சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் விமானம் விழுந்தது எஞ்சினால் இல்லை. மூன்றாம் முறை ஓடும்போது வேகம் 117 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) அளவைத் தொட்டது. அதற்குப் பிறகு நிறுத்தவும் முடியாது, எழும்ப இன்னும் இரண்டு நாட்தான் வேண்டும். அங்கே வேகம் ஏறுவதற்குப் பதில் 112க்கு இறங்கியது, பிறகு 105. விமானம் வேலியை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டின் மேல் மோதியது.

ஏன் இறங்கியது? ஓடுபாதையின் கடைக்கோடியில் பாதி உருகிய பனிச்சேறு கிடந்தது. முதல் இரண்டு முறையும் சக்கரம் அவ்வளவு தூரம் போகவே இல்லை. அந்தச் சேறு சக்கரத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. மெல்லிய படலமாக இருந்தாலே பனிச்சேறு ஒரு விமானத்தை எவ்வளவு இழுக்கும் என்று பிறகு சோதனை நடத்திக் காட்டினார்கள். 1958இல் இது பலருக்குத் தெரியாது.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஓடுபாதையைச் சுத்தமாக வைப்பது விமான நிலையத்தின் பொறுப்பு. இறக்கையில் பனி உறையாமல் பார்ப்பது விமானியின் பொறுப்பு. ஜெர்மன் விசாரணை இறக்கையில் உறைந்த பனிதான் காரணம் என்று சொல்லிவிட்டது. விபத்து நடந்து பல மணி நேரம் கழித்து, அதற்குள் மேலும் பனி விழுந்திருந்த இறக்கையைப் பார்த்துச் சொன்ன முடிவு அது. புறப்படும் முன் எடுத்த ஒரு புகைப்படத்தில் இறக்கை வெள்ளையாகத் தெரிகிறது என்று அதையும் ஆதாரமாகக் காட்டினார்கள். மூல நெகட்டிவை வாங்கிப் பார்த்தபோது பனியே இல்லை, உலோகத்தில் வெளிச்சம் பட்டுப் பளபளத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு விமானத்தை ஓட்டியதே கென்னத் ரேமென்ட். அவரும் காப்டன்தான், தேய்னுடைய நண்பர். தேய்ன் தலைமைப் பொறுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தார். விமானம் நொறுங்கிய பிறகு தேய்ன் வெளியே குதித்து ஓடவில்லையா என்றால், ஓடினார், திரும்பியும் வந்தார். எரிபொருள் நிறைந்த இறக்கையின் அடியில் தீ எரிகிறது. மற்றவர்களை விலகிப் போகச் சொல்லிவிட்டு, உள்ளே ஏறி இரண்டு தீயணைப்பான்களை எடுத்தார். இருக்கையில் சிக்கிக் கிடந்த ரேமென்டிடம், தீயை அணைத்துவிட்டு வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ரேமென்ட் சில வாரங்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். மொத்தம் இருபத்துமூன்று பேர்.

பிரிட்டிஷ் ஐரோப்பிய விமான நிறுவனம் 1960இன் கடைசியில் தேய்னை வேலையைவிட்டு நீக்கியது. விதிப்படி உட்கார வேண்டிய இருக்கையில் அவர் உட்காரவில்லை என்பதும் ஒரு காரணம். அவர் பெர்க்‌ஷயரில் கோழிப்பண்ணை நடத்திப் பிழைத்துக்கொண்டே வழக்கை விடாமல் பிடித்திருந்தார். ஜெர்மானியர் மறுபடி விசாரித்தும் தங்கள் முடிவிலிருந்து இறங்கவில்லை. 1969இல்தான் பிரிட்டிஷ் விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்றது. பதினோரு வருடம்! 1975இல் இறந்துபோனார். அவர் பிடிவாதக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் பேச்சிலிருக்கிற பிடிவாதம் வேறு, இது வேறு.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று நீங்கள் கேட்கலாம். என் சித்தப்பா பஸ் ஓட்டினார். மழைக்காலத்தில் ஒரு சிறு பாலத்தை ஒட்டி மண் அரித்துப்போய், பஸ் வயலில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாளே அவருக்கு சஸ்பென்ஷன், கூடவே சார்ஜ் மெமோ. அவர் போன பிறகு அவருடைய பெட்டியில் இருந்த காகிதங்களை இந்த மாதம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெமோவின் கார்பன் பிரதி மடித்த இடத்தில் கிழிந்திருந்தது, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தார். அதில் கேட்டிருக்கும் எல்லாக் கேள்வியும் வேகத்தைப் பற்றித்தான். மண் எப்போது அரித்தது, யார் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "பஸ்ஸைக் கவுத்தவரு" என்றுதான் அடையாளம் சொன்னார்கள். சித்தி பக்கத்தில் பரிமாறிக்கொண்டு நிற்பாள்.

உங்களுக்கு வயது குறைவு, பாசம் நிறைய. எட்வர்ட்ஸுக்காகத் தூக்கம் போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தபோது உங்கள் மேல் பிரியம்தான் வந்தது. ஆனால் செத்தவர்களுக்காக அழுகிற அவசரத்தில் உயிரோடிருந்த ஒருவர் தலையில் பழியைத் தூக்கி வைக்காதீர்கள். பழி சுமத்த ஆள்தான் வேண்டுமென்றால் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பைக்கே போக வேண்டாம் என்று இங்கிலாந்து லீக் 1955இல் செல்சியைத் தடுத்தது. பஸ்பி மறு வருடம் மீறிக்கொண்டு போனார். அதனால் புதன்கிழமை பெல்கிரேடில் ஆடினாலும் சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கு ஊரில் இருந்தாகவேண்டும். டிசம்பரில் ப்ராக்கிலிருந்து திரும்பும்போது மூடுபனியில் விமானம் கிடைக்காமல் ரயிலும் கப்பலும் பிடித்து அவதிப்பட்டதால்தான் இந்த முறை தனி விமானமே அமர்த்தினார்கள். தேய்ன் த்ராட்டிலைப் பற்றி யோசித்த அந்த அறையில் சனிக்கிழமையும் இருந்தது. அதை எந்த விசாரணையும் கூண்டில் ஏற்றவில்லை.

அடுத்த கடிதத்தில் அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மறந்துவிட்டேன், போல்ட்டனின் இரண்டாவது கோல். நாட் லாஃப்ட்ஹவுஸ் தோளால் இடித்து, கோல்கீப்பர் ஹாரி கிரெக்கைப் பந்தோடு சேர்த்து வலைக்குள் தள்ளினார். அந்தக் காலத்தில் கோல்கீப்பரைத் தோளால் இடிக்கலாம் என்று இருந்ததால் நடுவர் கோல் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்டால், ஃபவுல்தான்.