ஒரே கட்டுரைக்கு மூன்று விதமான மதிப்பெண்ணா?

கேள்வி: உதவிபெறும் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மூன்று பிரிவு, மூன்று ஆசிரியர்கள். காலாண்டுத் தேர்வில் 8 மதிப்பெண் கட்டுரைக்கு ஒருவர் ஏறக்குறைய எல்லாருக்கும் 7 போட்டிருக்கிறார். மூத்த ஆசிரியர் ஒருவர் 5-ஐத் தாண்டவே இல்லை. பிள்ளைகள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அரையாண்டுக்குள் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். மூன்று பேரும் ஒரு மாலை ஒன்றரை மணி நேரம் சேர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஒன்று: இது யாருடைய குறையும் இல்லை. அமெரிக்காவில் 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் வந்தது. அடுத்த ஆண்டு கணக்கிலும் பார்த்தார்கள். ஒரே வடிவியல் தாளுக்கு 28 முதல் 95 வரை! கணக்கிலேயே இப்படி என்றால் கட்டுரையைச் சொல்லவே வேண்டாம்.

பொதுவாக எல்லாரும் மதிப்பெண்ணைப் பிரித்துத்தான் தொடங்குகிறோம். முன்னுரைக்கு 1, உட்தலைப்புக்கு 1, பொருளுக்கு 4, முடிவுரைக்கு 1, நடைக்கு 1 என்று. அது மட்டும் போதாது. பொருளுக்கு 4 என்று எழுதிவிட்டால், எதைப் பார்த்து 4, எதைப் பார்த்து 2 என்ற சண்டை அப்படியே இருக்கும். அதனால் அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாளிலிருந்து தொடங்குங்கள்.

போன வருடத்து விடைத்தாள் கட்டிலிருந்து ஆறு கட்டுரைகளை எடுங்கள். நன்றாக எழுதியது, நடுத்தரம், தடுமாறியது என்று கலந்து இருக்கட்டும். பெயரையும் பழைய மதிப்பெண்ணையும் மறைத்து நகல் எடுத்து ஆளுக்கு ஒரு தொகுப்பு கொடுங்கள். மதிப்பெண்ணைத் தாளில் போடாமல் தனிச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் முடித்த பிறகு சீட்டுகளை ஒன்றாகத் திறந்து, இடைவெளி அதிகமுள்ள தாளை முதலில் எடுங்கள். அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் தாளில் உள்ள வரியைக் காட்டித்தான் பேச வேண்டும். "எனக்கு அப்படித் தோன்றியது" என்பதோடு நிறுத்தக் கூடாது.

நான் உட்கார்ந்த ஓர் அமர்வில் ஒரே கட்டுரைக்கு ஒருவர் 3, இன்னொருவர் 6 போட்டிருந்தார்கள். மாணவி தன் ஊர்க் குளத்தைப் பற்றிச் சொந்தமாக எழுதியிருந்தாள். ஆனால் லகர, ளகரப் பிழைகள் நிறைய. 3 போட்டவர் பிழைக்கு அரை மதிப்பெண் வீதம் கழித்துக்கொண்டே போயிருக்கிறார். மற்றவர் மொத்தத்தில் ஒன்றுதான் கழித்தார். ஒரே சொல் பத்து இடத்தில் பிழையாக வந்தால் அது ஒரு பிழையா, பத்தா? அதுவரை அவர்கள் அதைப் பேசியதே இல்லை. அன்று பேசி, ஒரு பிழைதான் என்று முடிவு செய்தார்கள். உரைநூலில் இருப்பதை அப்படியே ஒப்பித்து எழுதியவனுக்கு எவ்வளவு என்பதுதான் நீண்ட விவாதம். கேள்வியில் கொடுத்த குறிப்புகளைத் தொடாத கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் முழு மதிப்பெண் பெறக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் மூவரின் முடிவு வேறாகவும் இருக்கலாம். ஆனால் மூவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இந்த முடிவுகளை அரைப் பக்கத்தில் எழுதுங்கள். கூடவே, இது 7, இது 5, இது 3 என்று மூவரும் ஒப்புக்கொண்ட மூன்று தாள்களையும் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது சந்தேகம் வந்தால் அட்டவணையைவிட இந்த மாதிரித் தாள்கள்தான் உதவும்.

அரையாண்டில், முடிந்தால் மூன்று பிரிவுக்கும் கட்டுரையை ஒருவரே திருத்தட்டும், மற்ற நெடுவினாக்களை மற்ற இருவர் பிரித்துக்கொள்ளட்டும். ஒருவர் கறாராக இருந்தாலும் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கறாராக இருக்கும். அதற்கு வசதியில்லை என்றால், அவரவர் கட்டில் கட்டுரையை மட்டும் எல்லாத் தாளிலும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம் அடுத்த வினாவுக்குப் போங்கள். முன்பக்கத்துப் பிழைகளைப் பார்த்த எரிச்சல் கட்டுரை மதிப்பெண்ணில் இறங்காது. பிறகு ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஐந்து தாளை இன்னொருவர் பார்க்கட்டும். பொதுத்தேர்வுத் திருத்தும் மையத்தில் முதன்மைத் தேர்வாளர் மறுபார்வை செய்கிறாரே, அதுபோலத்தான். ஒரு மதிப்பெண் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். இரண்டோ அதற்கு மேலோ போனால் சேர்ந்து படியுங்கள். 3-க்கும் 7-க்கும் நடுவில் 5 போட்டு முடிக்காதீர்கள், அந்த 5 யாருடைய தீர்ப்பும் இல்லை. ஐந்து தாளிலும் ஒரே பக்கமாகக் குறைவு தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டும். மாட்டிய ஐந்து பேருக்கு மட்டும் ஏற்றிக் கொடுப்பது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மூத்த ஆசிரியரிடம் "நீங்கள் குறைவாகப் போடுகிறீர்கள்" என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். போன வருடத் தாளை எடுக்கச் சொன்னதே அதற்காகத்தான். "ஐயா, இதற்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். அவர் பார்க்கும் நுணுக்கம் உங்களுக்கும் தேவைப்படும். சீட்டில் எழுதிய எண்கள் அந்த அறையைத் தாண்டக் கூடாது என்று தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். ஆசிரியர்களை எடைபோட அதைப் பயன்படுத்தினால், அடுத்த முறை எல்லாரும் 6 போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

காலாண்டுத் தாள்களில் கட்டுரையை மட்டும் மறுபடி பாருங்கள். கூட்ட வேண்டியதைக் கூட்டுங்கள். கையில் கொடுத்துவிட்ட மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அரையாண்டுக்கு முன்பே அந்த அரைப் பக்கத்தை மூன்று வகுப்பிலும் வாசித்துக் காட்டி, பெயர் நீக்கிய மாதிரித் தாள்களையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்களையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள்.