உச்சிப்புளி ரேடியோ அறையில் கேட்ட கேள்விகள்

ராணுவ சிக்னல் பிரிவில், புள்ளி-கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டு முன்னறையில் பழைய வால்வு ரேடியோ, ஹெட்போன், மோர்ஸ் கீ என்று கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். பார்க்க வந்தவர்கள் கேட்டதில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: எதிரி சங்கேதத்தில் அனுப்புவதைப் புரியாமலே எழுதி என்ன பயன், சார்?

நல்ல கேள்விம்மா. இரண்டாம் உலகப் போரில் எதிரி ரேடியோவை ஒட்டுக்கேட்ட பிரிட்டனின் ஒய் ஸ்டேஷன்களில் ஹெட்போனோடு உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வரி புரியாது. எழுத்தெழுத்தாகக் காதில் விழுந்ததைப் பென்சிலால் எழுதி, சங்கேதத்தை உடைக்கும் பிளெட்ச்லி பார்க்குக்கு அனுப்புவார்கள். இங்கே எழுத்து தப்பினால் அங்கே வேலை கெடும். உடைக்க முடியாத நாளிலும் யார் யாரைக் கூப்பிடுகிறார், எத்தனை தடவை, எந்தத் திசையிலிருந்து என்று பார்த்தே படை நகர்வதை ஊகித்துவிடுவார்கள். அப்புறம் 'கை' என்று ஒன்று உண்டு. மோர்ஸ் அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு இழுப்பு. நிலையத்தின் அழைப்புப் பெயரை மாற்றினாலும் அந்த இழுப்பு மாறாது. செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது மாமாவா சித்தப்பாவா என்று சொல்கிறோமே, அது மாதிரி.

ராமநாதபுரம் வாசகர்: நம்ம பக்கம் ஏதும் நடந்ததா அண்ணே?

கடலுக்கு அந்தக் கரையில் நடந்தது. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் ஒட்டுக்கேட்பு அணி 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தது. ஏப்ரல் 1 வாக்கில் ஜப்பான் தாக்கும் என்று துப்பும் கிடைத்தது. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் கப்பல்களோடு கடலில் காத்திருந்தார், யாரும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் நிரப்ப மாலத்தீவுப் பக்கம் போனார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை. செய்தி சரி, தேதிதான் தப்பு.

தங்கச்சிமடம் பையன்: 'அவன் பெரிய எம்டன்' என்கிறார்களே, அந்தக் கப்பலில் ரேடியோ இருந்ததா?

இருந்தது தம்பி. தன் ரேடியோவை வாய்மூட வைத்துவிட்டு அடுத்தவன் பேச்சைக் கேட்பதில் கெட்டிக்கார ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுத் தப்பியது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் தீவின் ரேடியோ நிலையத்தை உடைக்கப் போனது. அங்கிருந்தவர்கள் 'தெரியாத கப்பல்' என்று முந்திக்கொண்டு தட்டிவிட்டார்கள். எம்டன் இரைச்சல் அனுப்பி அமுக்கப் பார்த்தும் பலிக்கவில்லை. பக்கத்தில் போன ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து முடித்துவிட்டது.

மண்டபம் மீனவர்: போட்டில் வி.எச்.எஃப். செட்டில் பேசுவதை யாரும் கேட்கலாமா?

கேட்கலாம். ஆபத்தில் கூப்பிடும் 16ஆம் சேனல் எல்லோருக்கும் பொது. மீன் எங்கே கிடக்கிறது என்று அதில் சொல்லாதீர்கள்.

கீழக்கரையிலிருந்து: வாப்பாவின் வால்வு ரேடியோ பரணில் இருக்கிறது. பிளக்கில் சொருகலாமா?

வேண்டவே வேண்டாம். உப்புக்காற்றில் கம்பியெல்லாம் களிம்பேறியிருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சர் கசிந்திருக்கும். முதலில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது பல்பு வழியாகவே ரேடியோவுக்குப் போகும்படி, போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு பளிச்சென எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். அது தெரியாமல் கை வைத்து நான் அந்த மூலையில் இருக்கும் ஸ்டூலோடு ஒருநாள் விழுந்தேன். ஸ்டூலுக்குத்தான் கால் உடைந்தது.