பழைய கைத்துப்பாக்கிகளில் தெரியும் கருநீலம் எந்தப் பெயின்ட்? தாத்தாவின் ரிவால்வரை பஃபிங் போட்டால், அதாவது துணிச் சக்கரத்தில் மெருகேற்றினால், அது திரும்ப வருமா?

பெயின்டே இல்லைங்க, பஃபிங் போட்டு வராது. இரும்பின் மேலேயே உண்டாகிற ஆக்சைடு படலம் அது. ரொம்ப மெல்லிசு, அடியில் ஒரு கீறல் இருந்தாலும் மறைக்காது. யூடியூபில் எல்லாரும் நீலம் வர சூடான உப்புக் கரைசல் தொட்டியில் முக்கி எடுப்பதையே காட்டுகிறார்கள், அதற்கு முன்னால் பாலிஷ் போட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

கோவையில் பஃபிங் பட்டறை நடத்தியவன் நான். மகன் வேலை பார்க்கும் ஹார்ட்ஃபோர்டு, கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனியின் அமெரிக்க ஊர். அங்கே கனெக்டிகட் வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய கோல்ட்களைப் பார்த்தபோது நகர மனசு வரவில்லை. தட்டையான இடத்தில் விளக்கின் பிம்பம் நெளியாமல் விழுகிறது, விளிம்பெல்லாம் கூர்மையாக நிற்கிறது, ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி ஒரு குழிவுகூட இல்லை. துணி வீலில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே ஓட்டை ஓரம் இறங்கி எழுத்து மழுங்கிவிடும், செய்தவனுக்குத்தான் தெரியும். அவர்கள் தோல் போர்த்திய மரச்சக்கரத்தில் பசை தடவி எமரி என்ற தேய்ப்புத் தூளை ஒட்டி, கரடிலிருந்து நைஸ் வரை படிப்படியாகப் போனார்கள். ஆயுதத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், கைவேலையைத்தான் சொல்கிறேன்.

இங்கே அப்படி வேலை செய்ய விட்டார்களா? எனக்கு ஜாப் ஒர்க் கொடுத்த ஒரு பம்ப் கம்பெனி கிலோ கணக்கில் கூலி பேசி, அந்தப் பில்லையும் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. எமரித் தூசியை மூச்சில் வாங்கியவன் கேட்டால் 'அடுத்த வாரம் வாங்க' என்பார்கள்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். பழைய லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியில் வேண்டுமென்றே துருப்பிடிக்கவிட்டு, கொதிநீரில் போட்டு, செந்துரு கறுத்ததும் பிரஷால் தேய்த்து, திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். அதன் ட்ரிகர் போன்ற சின்ன பாகங்களில் வைக்கோல் நிறம் தெரியும், அது சூடு காட்டி வரவழைத்தது. இன்னும் சூடேற்றி 300 டிகிரி பக்கம் போனால் பளிச்சென்ற நீலம், சில துப்பாக்கிகளில் ஸ்க்ரூக்களுக்கு அதுதான். 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் ஃபிரேமில் நீலமும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருப்பது எலும்புக்கரியோடு உலையில் வைத்துத் தண்ணீரில் போட்டதால்.

உங்கள் தாத்தாவின் ரிவால்வரை பஃபிங் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். முத்திரை தேய்ந்தால் மதிப்பு போச்சு. அடையாள எண்ணை அழிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், பழுது பார்க்கவே லைசென்ஸ் உள்ளவரிடம்தான் கொடுக்கவேண்டும். அதுவரை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். தோல் உறைக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள், ஈரம் இழுத்துத் துருப்பிடிக்கும்.