நான்கு புத்தகம், ஒரே சாட்சி – கடிதம்

வணக்கம் ஐயா,

லிங்கனின் மனைவி மேரி பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் போன மாதம் படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடம் வந்தபோது அந்தக் கட்டுரையின் முதல் பத்தியை வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டினேன். 1841 ஜனவரி 1, ஸ்பிரிங்ஃபீல்டில் கல்யாண வீடு காத்திருக்கிறது, விருந்து தயார், மாப்பிள்ளை லிங்கன் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு ஆர்வத்தில் நானே தேடிப் பார்த்தேன். நான்கு ஆங்கிலப் புத்தகங்களில் இந்தச் சம்பவம் இருக்கிறது. ஐந்தாவது புத்தகம், அப்படி ஒரு கல்யாணம் அன்றைக்கு ஏற்பாடாகவே இல்லை என்கிறது. நான்கு பேர் சொல்வதை எடுத்துக்கொண்டு ஒருவர் சொல்வதை விட்டுவிடலாமா? அல்லது பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டுமா? மேரியை மகன் ராபர்ட் மனநல விடுதியில் அடைத்ததாக நீங்கள் எழுதிய பகுதியும் இப்போது உறுத்துகிறது. அதையாவது நம்பலாமா?

ரா.,
கும்பகோணம்

அன்புள்ள ரா.,

திருத்திச் சொல்லுங்கள். தவறு என்னுடையது. உங்கள் கடிதம் வந்த அன்றே கட்டுரையின் முதல் பத்தியை எடுத்துவிட்டேன். ஒரு வகுப்பறை முழுக்கப் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டார்கள் என்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த நான்கு புத்தகங்களும் நான்கு சாட்சிகள் அல்ல. அந்தக் காட்சியின் மூலத்தைத் தேடிப் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே வாசலில் போய் நிற்கும். அது வில்லியம் ஹெர்ண்டன் 1889இல் ஜெஸ்ஸி வெய்க் என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட லிங்கன் வரலாறு. ஹெர்ண்டன், 1844 முதல் லிங்கனோடு கூட்டாக வக்கீல் தொழில் செய்தவர். அவருக்கு இதைச் சொன்னது மேரியின் மூத்த அக்கா எலிசபெத் எட்வர்ட்ஸ். மேரி அப்போது அவர் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஆகவே நேரில் இருந்தவர், பெரிய சாட்சி. ஆனால் அவர் இதைச் சொன்னது லிங்கன் இறந்த பிறகு, சம்பவம் நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் கழித்து. இன்னொரு அக்கா பிரான்சஸ் வாலஸும் அதே ஊரில்தான் இருந்தார். 1895இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அவர் இந்தக் கதையை மறுத்தார். ஒரே குடும்பம், ஒரே ஊர், இரண்டு அக்காக்கள், இரண்டு நினைவுகள்.

நினைவுகள் இப்படி முட்டிக்கொள்ளும்போது, அந்த நாட்களிலேயே எழுதப்பட்ட காகிதம் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு. 1841 ஜனவரி 23 தேதியிட்டு லிங்கன் அப்போதைய தன் தொழில் கூட்டாளி ஸ்டூவர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடு இருப்பவர்களில் தன்னைவிடத் துன்பப்படுகிறவன் இல்லை என்கிறார். அடுத்த வருஷம் மார்ச்சில் நண்பர் ஸ்பீடுக்கு எழுதும்போது அந்த ஜனவரி முதல் தேதியைக் கேடு வந்த நாள் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். ஆக, அன்றைக்கு அவர் மனம் உடையும்படி ஏதோ நடந்திருக்கிறது. கல்யாண நிச்சயதார்த்தம் முறிந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. ஆனால் கல்யாணம், விருந்து, வராத மாப்பிள்ளை, இதில் எதுவும் அந்தக் கடிதங்களில் இல்லை. திருமண உரிமம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் 1842 நவம்பர் 4 என்று தேதி. அதே நாளில்தான் அவர்கள் கல்யாணமும் நடந்தது. 1841 ஜனவரிக்கு அப்படி ஒரு காகிதம் யாருக்கும் கிடைக்கவில்லை.

எனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரு புத்தகத்தில் படித்தேன், இன்னொன்றில் சரிபார்த்தேன், இரண்டிலும் இருந்தது, எழுதிவிட்டேன். அந்த இரண்டாவது புத்தகம் முதலாவது குடித்த அதே கிணற்றில்தான் குடித்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. காட்சி அவ்வளவு நன்றாக இருந்தது. கட்டுரையை அதில் தொடங்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஹெர்ண்டன் பொய் சொன்னாரா என்றால், அப்படிச் சொல்ல நான் தயாரில்லை. அவருக்கும் மேரிக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. 1837இல் ஒரு நடன விருந்தில் மேரியோடு ஆடிவிட்டு, நீங்கள் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு ஆடுகிறீர்கள் என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார். பாராட்டாகத்தான் சொன்னாராம். மேரிக்குப் பிடிக்கவில்லை. இது அவரே தன் புத்தகத்தில் எழுதியது. 1866 நவம்பர் 16 அன்று, லிங்கன் சுடப்பட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்த நேரத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சொற்பொழிவு செய்தார். லிங்கன் உண்மையாக நேசித்தது 1835இல் இறந்துபோன ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண்ணை மட்டும்தான் என்றார். மேரி அப்போது உயிரோடு இருக்கிறார். இரண்டு பிள்ளைகளையும் கணவனையும் இழந்து கறுப்பு உடையில் இருப்பவர். அதை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனாலும் ஹெர்ண்டன் இல்லாமல் லிங்கன் வரலாறே இல்லை. ஊர் ஊராகப் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து, கேட்டு, கடிதம் வாங்கி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்தியவர் அவர். அந்த மூலக் காகிதங்கள் இன்றும் இருக்கின்றன, அச்சிலும் வந்துவிட்டன. ஆன் இறந்தபோது லிங்கன் மிகவும் உடைந்துபோனார் என்று பல பேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை ஏற்கலாம். அதனால் மேரியை அவர் நேசிக்கவே இல்லை என்பது ஹெர்ண்டன் தானாகப் போட்ட கணக்கு. சாட்சி சொன்னது எது, எழுதியவர் சேர்த்தது எது என்று கோடு போட்டுப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காகிதமே பொய்யாக இருக்கும் சமயமும் உண்டு. 1928 டிசம்பரில் அட்லாண்டிக் என்ற புகழ்பெற்ற மாத இதழ், லிங்கனும் ஆனும் எழுதிக்கொண்ட காதல் கடிதங்கள் என்று ஒரு தொடரை வெளியிடத் தொடங்கியது. பெரிய பெரிய ஆட்களே முதலில் நம்பினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த பால் ஆங்கிள் என்ற ஆய்வாளர் அவற்றை வரிவரியாகப் பிரித்துப் போட்டார். நிலம் சம்பந்தமாக ஒரு வரி. நாற்பதாவது செக்‌ஷனில் ஏதோ தகராறு என்று வருகிறது. அமெரிக்க அரசு நிலத்தை டவுன்ஷிப் என்ற பெரிய சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் முப்பத்தாறு செக்‌ஷனாகத்தான் பிரிக்கும், நாற்பது கிடையவே கிடையாது. லிங்கன் அந்த நாட்களில் சர்வேயர் வேலை பார்த்தவர்! நம் ஊரில் இல்லாத சர்வே நம்பருக்குப் பட்டா கொண்டுவந்து நீட்டுகிற மாதிரி. இன்னொரு கடிதத்தில், ஆன் இறந்து பல வருஷம் கழித்து 1848இல் வெளிவந்த ஒரு கையெழுத்துப் பயிற்சிப் புத்தகத்தின் பெயர் இருந்தது. இதை உங்கள் மாணவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள், கல்யாணக் கதையைவிடச் சுவாரசியமாகக் கேட்பார்கள்.

சரி, அரசாங்கப் பதிவேடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? மேரி பிறந்தது 1818 டிசம்பர் 13. 1850 மக்கள்தொகைக் கணக்கில் அவர் வயது 28. 1860 கணக்கில் 35. பத்து வருஷத்தில் ஏழு வயதுதான் கூடியிருக்கிறது. 1860இல் உண்மையில் அவருக்கு 41. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்டதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். பதிவேடு அசல், வயது தப்பு.

இப்போது ராபர்ட் விஷயம். 1875 மே 19 அன்று சிகாகோவில், தாய்க்குச் சித்தம் சரியில்லை என்று மகன் கொடுத்த மனுவின் பேரில் விசாரணை நடந்ததும், ஜூரிகள் சில நிமிடங்களில் ஆம் என்று முடிவு சொன்னதும், மறுநாள் பட்டேவியா ஊரிலிருந்த பெல்வியூ என்ற தனியார் விடுதிக்கு மேரி அனுப்பப்பட்டதும் நடந்த விஷயங்கள். அவரை விடுவிக்க மைரா பிராட்வெல் என்ற பெண்மணி வெளியே போராடினார். நான்கு மாதத்துக்குள் மேரி தன் அக்கா எலிசபெத் வீட்டுக்கு வந்துவிட்டார். 1876 ஜூனில் இன்னொரு ஜூரி அவர் நல்ல நிலையில் இருப்பதாகத் தீர்ப்புச் சொன்னது. இதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது, சொத்துக்காக மகன் அடைத்தான் என்று நான் எழுதிய அந்த ஒரு வாக்கியம். ராபர்ட் இந்த வழக்கு சம்பந்தமான காகிதங்களைத் தனியே கட்டி வைத்திருந்தார். அது குடும்ப வீட்டில் 1975இல்தான் கிடைத்தது, 1986இல் அதை வைத்து ஒரு புத்தகம் வந்தது. மருத்துவர்களையும் குடும்ப நண்பர்களையும் அவர் கலந்து பேசியது, தாயின் பணத்துக்குக் கணக்கு வைத்தது எல்லாம் அதில் தெரிகிறது. பேராசைக்காரர் என்ற படம் அதற்குமேல் நிற்காது. அதே சமயம், அந்தக் கட்டு அவரே கட்டியது. எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தவரும் அவரே. விசாரணையில் சாட்சி சொன்ன மருத்துவர்களில் பலர் மேரியைப் பரிசோதித்ததே இல்லை. எனவே மகன் நல்லவர், தாய்க்கு உண்மையில் பைத்தியம் என்று இன்னொரு பக்கமாகச் சாயவும் எனக்கு மனமில்லை. அந்த வாக்கியத்தில் ‘சொத்துக்காக’ என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கிறேன்.

சந்தேகப்படுவதிலும் ஆளைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் ஒன்று இருக்கிறது, அது என்னை மிகவும் கோபப்படுத்துவது. எலிசபெத் கெக்லி அடிமையாகப் பிறந்து, 1855இல் 1200 டாலர் கொடுத்துத் தன்னையும் தன் மகனையும் விடுவித்துக்கொண்டவர். வெள்ளை மாளிகையில் மேரிக்கு உடை தைத்தவர், நெருங்கிய துணையாகவும் இருந்தவர். மகன் வில்லி 1862 பிப்ரவரியில் இறந்தபோது அந்த வீட்டுக்குள் இருந்தவர். 1868இல் அவர் எழுதிய புத்தகம் இல்லாமல் மேரியின் துக்கத்தைப் பற்றி யாரும் எழுத முடியாது. 1935இல் ஒரு பத்திரிகையாளர், அதை எழுதியது வேறொரு வெள்ளைக்காரப் பெண், கெக்லி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்றார். கெக்லி 1907 வரை வாஷிங்டனில் வாழ்ந்தவர். அவரை நேரில் அறிந்த கறுப்பின மக்கள் அப்போதும் அதே நகரத்தில் இருந்தார்கள், எழுந்து மறுத்தார்கள். போய் ஒரு தெருவில் விசாரித்திருந்தால் போதும். கெக்லியின் புத்தகத்திலும் உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டாம். ஆறு வருஷம் கழித்து எழுதிய உரையாடல் யாருக்கும் அப்படியே நினைவிருக்காது. ஆனால் அந்தக் கேள்வியை அக்கா எலிசபெத்திடமும் ஹெர்ண்டனிடமும் கேட்காமல் தையல்காரரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை.

ஆகவே வகுப்பில் இப்படிச் சொல்லலாம்: 1841 ஜனவரி முதல் தேதியை ஒட்டி லிங்கன், மேரி நிச்சயதார்த்தம் முறிந்தது, லிங்கன் மிகவும் மனம் உடைந்தார், அது அவருடைய கடிதங்களில் இருக்கிறது. கல்யாண விருந்து பற்றி ஒரு அக்கா பிற்காலத்தில் சொன்னார், இன்னொரு அக்கா இல்லை என்றார். பிள்ளைகள் எந்த அக்காவை நம்புகிறார்கள், ஏன் என்று அவர்களையே பேசவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு திருத்தத்தையும் செய்திருக்கிறேன். கட்டுரைத் தலைப்பில் ‘மேரி டாட் லிங்கன்’ என்று போட்டிருந்தேன். எல்லாப் புத்தக அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டதே இல்லை. மேரி லிங்கன் என்றோ, திருமதி லிங்கன் என்றோதான் போட்டார். தலைப்பை அவர் எழுதியபடியே மாற்றிவிட்டேன்.

அன்புடன்.