டகோட்சுபோ: உங்கள் கேள்விகள்

கே: அம்மாவின் எக்கோ ஸ்கேனில் 'டகோட்சுபோ, ஏபிகல் வகை' என்று இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு 'ரிவர்ஸ்' என்றார்கள். எது மோசம்?

ப: துக்கமோ அதிர்ச்சியோ வேறு நோயோ தாக்கும்போது இதயத் தசை திடீரென்று பலவீனமாவதுதான் டகோட்சுபோ; 'உடைந்த இதயம்' என்பதும் இதைத்தான். ஏபிகலில் இதயத்தின் கீழ் நுனி அசையாமல் பலூன் மாதிரி உப்பும், மேலே இருக்கும் அடிப்பகுதி (டாக்டர்கள் 'பேஸ்' என்பது) மட்டும் வேகமாகச் சுருங்கும். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் வடிவம். 1990-இல் அங்குள்ள டாக்டர்கள் வைத்த பெயர் அது. ஐந்தில் நான்கு பேருக்கு இதுதான். ரிவர்ஸில் நேர்மாறு: நுனி துடிக்கும், மேலே இருக்கும் அடிப்பகுதி அசையாது. நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், கொஞ்சம் இளவயதுக்காரர்கள். அவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவோ சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கட்டியோ இருக்கிறதா என்று தேட வேண்டும். நடுப்பகுதி மட்டும் அசையாத வகை நூற்றுக்குப் பதினைந்து. வடிவத்தை வைத்து மோசம் என்று சொல்ல முடியாது. எது தூண்டியது என்று பாருங்கள். துக்கத்தில் வந்தவரைவிட நிமோனியா, பெரிய ஆபரேஷனுக்கு இடையில் வந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

கே: மாமா இறந்த மூன்றாம் நாள் அத்தைக்கு நெஞ்சு அடைத்தது. 'உடைந்த இதயம்' என்று படித்திருந்ததால், தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டோம். இரவில் மூச்சு முட்டிய பிறகுதான் கூட்டிப்போனோம். தவறா?

ப: தவறுதான். 'உடைந்த இதயம்' என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். கவிதை மாதிரி இருப்பதால் எல்லோரும் வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஈசிஜியில் 'எஸ்டி' என்ற கோட்டுப் பகுதி ஏறுவதும், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் கசியும் புரதம்) கூடுவதும் மாரடைப்பிலும் உண்டு, இதிலும் உண்டு. நானே பக்கத்தில் நின்றாலும் பார்வையில் பிரிக்க முடியாது. ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோவில், இதயச் சுவர் அசையாததற்குக் காரணமான அடைப்பு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டகோட்சுபோ. அதுவரை மாரடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சரியாகும் என்பதும் பாதி நிஜம். பம்பிங் சில வாரங்களில் திரும்பும், சரி. அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, நூற்றுக்கு நான்கைந்து பேர் போய்விடுகிறார்கள். முதல் சில நாள் நுரையீரலில் நீர் கோக்கும், துடிப்பு தாறுமாறாகும், உப்பிய நுனியில் ரத்தம் கட்டும். துக்க வீட்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்தால் 'காலையிலிருந்து சாப்பிடவில்லை, கேஸ்' என்று சோடா உடைக்கிறோமே! மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நாளில் என் பெரியம்மாவுக்கு இஞ்சிக் கஷாயம் வைத்துக் கொடுத்தவன் நான்.

கே: ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கிறேன், என்ன வகை?

ப: வயது இல்லை, தேதி இல்லை, முடிவு எழுதிய வரியின் மேல் உங்கள் கட்டைவிரல் இருக்கிறது. எக்கோ எடுத்த டாக்டரையே கேளுங்கள்.

கே: வகைக்கு ஏற்ப மருந்து மாறுமா?

ப: பெரும்பாலும் மாறாது. ஆனால் ஏபிகலில் அடிப்பகுதி அதிகமாகச் சுருங்கி, ரத்தம் வெளியேறும் வழியையே நெருக்கலாம். அப்போது பிரஷர் குறைகிறதே என்று இதயத்தை வேகமாகச் சுருங்க வைக்கும் டோபுடமைன் மருந்தை ஏற்றினால் இன்னும் விழும். எக்கோ பார்த்துவிட்டுத்தான் டிரிப்.

கே: ஆண்களுக்கு வராதா?

ப: பத்தில் ஒருவர் ஆண். வந்தால் கடுமை.

கே: மகன் கல்யாணத்தன்று வந்தது. சந்தோஷத்திலுமா?

ப: ஆமாம். உணர்ச்சியால் வந்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அப்படித்தான் என்று 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. தனக்குப் பிடித்த கார் ஓட்டுநர் ஜெயித்ததில் படுத்தவரும் அதில் உண்டு.

கே: திரும்ப வருமா?

ப: இருபதில் ஒருவருக்கு வரலாம், அடுத்த முறை வேறு வகையாகவும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். மறுபடி நெஞ்சு வலித்தால் 'போன தடவை மாதிரிதான்' என்று உட்காராமல், மறுபடி ஈசிஜி.