ஸ்போர்ட்ஸ் காருக்கு டச்ஸ்கிரீன்: காசு எங்கே போக வேண்டும்?

கேள்வி: என்னிடம் 2013 டொயோட்டா 86 இருக்கிறது. கம்பெனி ரேடியோவைக் கழற்றிவிட்டு கார்ப்ளே (ஐபோனைக் காரின் திரையில் காட்டும் வசதி) உள்ள டச்ஸ்கிரீன் போட ஆசை. டர்பனில் ஒரு கடை ஒரு விலை சொல்கிறது, இன்னொன்று அதில் பாதி சொல்கிறது. எதை நம்புவது? நானே மாட்டிக்கொள்ள முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: இரண்டு கடையிலும் எழுத்தில் விலைப்பட்டியல் கேளுங்கள். அதில் நான்கு பொருள்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: செட் (டச்ஸ்கிரீன் ரேடியோ), ஃபேசியா (டேஷ்போர்டு ஓட்டையை நிரப்பும் சட்டம்), ஹார்னஸ் (காரின் பிளக்கில் பொருந்தும் ஒயர் இணைப்பு), கூலி. பாதி விலை சொல்லும் கடையில் நடுவிலுள்ள இரண்டும் பெரும்பாலும் இருக்காது. டேஷ்போர்டு ஓட்டையைச் சுற்றி இடைவெளி விட்டு, காரின் சொந்த ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்யும். டர்பனின் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால், முறுக்கிய செம்பு பச்சை பூத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகும். அதனால்தான் சொல்கிறோம்: திரையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் அதன் பின்னால் இருப்பதில் குறைக்காதீர்கள்.

அளவை முதலில் பாருங்கள். சாதாரண டபுள் டின் (இரட்டை உயரப் பொது அளவு) செட்டின் முகம் 178 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். டொயோட்டாவின் ஓட்டை 200 மி.மீ. அகலம். ஆகவே இரு பக்கமும் 11 மி.மீ. வீதம் நிரப்பும் பட்டை வேண்டும், அல்லது 200 மி.மீ. முகத்தோடு டொயோட்டாவுக்கென்றே வரும் செட் வேண்டும். இரண்டாவது வகை பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் வண்டியை விற்கும்போது அந்த செட்டை வேறு பிராண்டு காரில் போட முடியாது.

நம் தென்னாப்பிரிக்காவுக்கு இன்னொன்றும் உண்டு. நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். சந்தையில் கிடைக்கும் பல செட்டுகளில் வால்யூம் பட்டன்கள் இடது ஓரத்தில் இருக்கின்றன; அவை ஓட்டுநர் இடப்பக்கம் உட்காரும் நாடுகளுக்காகச் செய்தவை. உங்களுக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். பட்டன்கள் கீழ்வரிசையில் இருப்பதையோ, திருகும் குமிழ் வலப்பக்கம் இருப்பதையோ தேடுங்கள். முழுவதும் கண்ணாடியாக, ஒரு பட்டன்கூட இல்லாத செட்டை ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சஸ்பென்ஷன் கடினமாக இருக்கும் வண்டியில் ஓடும்போது விரல் சரியான இடத்தில் படாது.

பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, செட்டுக்குள் இருக்கும் சிப் சுத்தமாகத் தரக்கூடிய உச்சவரம்பே சுமார் 26 வாட்தான். நடைமுறையில் கிடைப்பது அதற்கும் கீழே. 50 என்பது கணநேர உச்சம். சத்தம் கூட வேண்டுமென்றால், ஸ்பீக்கருக்குச் சக்தி கூட்டும் தனிப் பெட்டியான ஆம்ப்தான் வழி. அதற்கு ப்ரீ-அவுட் (ஆம்புக்குச் சின்ன சிக்னல் அனுப்பும் வெளியீடு) 4 வோல்ட் உள்ள செட்டாகப் பாருங்கள்.

நீங்களே மாட்டுவதென்றால் தாராளமாகச் செய்யலாம், ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: பேட்டரியைக் கழற்றும் முன் இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். 86இன் கதவுக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்கி ரப்பருக்கு வழிவிடும். பேட்டரி இல்லாவிட்டால் இறங்காது. அப்படியே கதவை மூடினால் கண்ணாடி ரப்பரில் மோதி அதைக் கிழிக்கும். பிறகு 10 மி.மீ. ஸ்பேனரால் நெகடிவ் முனையைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்சாரம் வடிய குறைந்தது 90 விநாடி காத்திருங்கள். ரேடியோவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பிளாஸ்டிக் பட்டை கொண்டு ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளிப்களை விடுவியுங்கள். பின்னால் ஒயர் ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள். அதற்குள்ளே செட்டை நான்கு போல்ட் பிடித்திருக்கும்.

டொயோட்டா பிளக் இரண்டு: 10 பின்னில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும், 6 பின்னில் பின் ஸ்பீக்கர்களும். இவற்றுக்குப் பொருந்தும் ஹார்னஸ் வாங்கினால் காரின் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. புதிய செட்டின் பக்கம் நிறங்கள் பொதுவானவை. மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் 12 வோல்ட், கறுப்பு எர்த், ஆரஞ்சு விளக்கு, நீலம் ஆன்டெனா, நீல-வெள்ளை ஆம்ப். காரின் பக்கத்து நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரியைச் சற்று மாட்டி மல்டிமீட்டரால் பார்த்து உறுதிசெய்துவிட்டு, மறுபடி கழற்றி வேலையைத் தொடருங்கள். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் கடிகாரமும் செட்டிங்கும் அழிந்துபோகும். இரண்டையும் எப்போதும் வரும் மின்சாரத்தில் சேர்த்துவிட்டால், செட் தூங்கவே தூங்காது, பேட்டரி இறங்கிவிடும். எர்த்தை வண்டி உடம்பின் உலோகத்தில் பெயின்ட் சுரண்டிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் "ஙீ" என்று ஏறும்.

ஹேண்ட்பிரேக் ஒயர் (வெளிர்பச்சை) பற்றிக் கடைக்காரர்கள் "எர்த்தில் போட்டுவிடுகிறேன், ஓடும்போதும் வீடியோ பார்க்கலாம்" என்பார்கள். வேண்டாம். அதை ஹேண்ட்பிரேக் சுவிட்சில்தான் கொடுக்க வேண்டும். ஓட்டும்போது ஓட்டுநர் கண்ணில் படம் ஓடுவது ஆபத்து. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாகிவிடும்.

மூடும் முன் ஒயர் கட்டுக்குத் துணி டேப் சுற்றுங்கள், நிரப்பும் பட்டை தொடும் இடங்களில் ஃபெல்ட் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் டேஷ்போர்டு கடகடக்கும். பேட்டரியை மாட்டியபின் கண்ணாடி தானாக ஏறவில்லையென்றால், பாதி இறக்கி, சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்து, மூடிய பிறகும் ஓரிரு விநாடி விடாமல் வைத்திருங்கள்.

கேள்வி: என் பழைய நிசான் 350 இசட்டில் போஸ் பிராண்டு ஒலி சிஸ்டம். டச்ஸ்கிரீன் மாட்டிய கடையில் முதலில் சத்தமே வரவில்லை. ஏதோ செய்து கொண்டுவந்தார்கள். இப்போது பாட்டு இல்லாதபோதும் இரைச்சல் கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், டொங்காட்

பதில்: ஸ்பீக்கரில் கை வைக்காதீர்கள். போஸ் வண்டியில் ஆம்ப் தனியாக இருக்கிறது. அதை எழுப்ப செட்டின் நீல-வெள்ளை ஒயர் 12 வோல்ட் அனுப்ப வேண்டும். அது இணையாததால்தான் முதலில் அமைதி. இப்போது வரும் இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம், செட்டின் ஸ்பீக்கர் வெளியீட்டை நேராக ஆம்பின் உள்ளீட்டில் கொடுத்திருப்பது. ஆம்ப் எதிர்பார்ப்பது சின்ன சிக்னல். அதற்குப் பல மடங்கு போகிறது. சரியான முறை, செட்டின் ப்ரீ-அவுட்டிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிள் வழியாக, போஸுக்கான இன்டர்ஃபேஸ் (இணைப்புப் பெட்டி) மூலம் இணைப்பது.

ஆம்பைத் தாண்டிவிட்டு செட்டிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். போஸ் ஸ்பீக்கர்கள் பல அதைவிட மிகக் குறைவு. 2 ஓமுக்குக் கீழே காட்டினால், செட்டின் சிப் சூடேறிப் பாதுகாப்பில் நின்றுவிடும். சில நாள் ஓடி எரிந்தும் போகும்.

பணத்தைப் பொறுத்தவரை: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008இன் 68ஆம் எண்) பிரிவு 54இன்படி, வேலை தரமாக இல்லையென்றால் கடை அதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது கட்டணத்தில் நியாயமான பகுதியைத் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். கடை இணங்கவில்லையென்றால் தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் ஒம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) போகலாம்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய செட் மலிவாகக் கிடைத்தது. ஆனால் லோட்டஸ் எஃப்.எம். வருவதில்லை. ஆன்டெனா கோளாறா?
– வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஜப்பானில் எஃப்.எம். அலைவரிசை 76இல் தொடங்குகிறது. பழைய செட்டுகள் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். லோட்டஸ் ஊருக்கு ஊர் 87.7 முதல் 106.8 வரை வருகிறது; உங்கள் பகுதியில் 90க்கு மேல் வந்தால் அந்தச் செட்டுக்கு எட்டாது. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஆன்டெனா ஒயரில் சேர்த்தால் மேலுள்ள அலைவரிசைகளைக் கீழே இறக்கித் தரும். திரையில் எண் தவறாகத் தெரியும், இரைச்சலும் கொஞ்சம் கூடும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

புது செட்டிலும் இதே குறை வந்தால், அமைப்பில் பகுதி "அமெரிக்கா" என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே 0.2 வீதம் தாவும், 106.7க்குப் பிறகு 106.9. 106.8 கிடைக்காது. "ஐரோப்பா" என்று மாற்றினால் போதும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஆண்ட்ராய்டு செட், மாட்டிய மறுநாளே தொடுதல் தவறுகிறது. கடைக்காரர் "மாட்டியவர் கெடுத்துவிட்டார்" என்கிறார்.
– வாசகர், லெனேஷியா

பதில்: கடை தென்னாப்பிரிக்காவில் இருந்தால் உங்களுக்கு இரண்டு உரிமைகள். மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம் (2002), பிரிவு 44: பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஒருமுறை மாட்டிய பொருளுக்கு இதில் வாக்குவாதம் வரும். எனவே இரண்டாவதைப் பிடியுங்கள். நுகர்வோர் சட்டம், பிரிவு 56: ஆறு மாதத்துக்குள் குறை வந்தால் பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள்தான், கடை அல்ல. மாட்டியவரின் பில்லையும், ஹார்னஸ் போட்டிருப்பதைக் காட்டும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். வெட்டாத ஒயர் இங்கேயும் உங்களுக்குச் சாட்சி. அடுத்த முறை, மாட்டும் முன் மேஜையில் 12 வோல்ட் கொடுத்து ஒரு மணிநேரம் ஓட்டி, திரையின் நான்கு மூலையையும் தொட்டு வீடியோ எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியிருந்தால் சட்டம் காகிதத்தில் இருக்கும், பணம் திரும்புவது கடினம். கார்டு வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு உடனே விண்ணப்பியுங்கள்.

வாரண்டி உள்ள கார் என்றால்: தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, வெளிக்கடையில் வேலை செய்தீர்கள் என்பதற்காக மட்டும் முழு வாரண்டியையும் ரத்து செய்வதை அவை ஏற்பதில்லை. ஆனால் உங்கள் வயரிங்கால் வந்த சேதம் உங்கள் செலவுதான். புதிய செட்டின் மதிப்பை இன்சூரன்ஸ் பாலிசியில் கூடுதல் பொருளாக எழுதச் சொல்லுங்கள். கம்பெனி போடாத செட்டைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால், கண்ணாடியை உடைத்துத் திருடிப் போகும்போது பல பாலிசிகள் பணம் தராது. பழைய ரேடியோவையும் அதன் போல்ட்டுகளையும் கடையிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்கு வாங்கி வாருங்கள்.